ஓய்வெடுக்க ஓடாய்த் தேய்ந்தவர்

தூங்குகிறவர்கள், தூக்கம் வராதவர்கள் என்று மனிதகுலத்தை இரண்டாகப் பிரித்தே பழகிவிட்டோம். இடையில் மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. தூங்குவதற்காகப் பாடுபடும் இனம். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து, அதைவிடக் கடுமையாக ஓய்வெடுக்கிறவர்கள். மூட்டை தூக்குகிறவர் முகத்தில்கூடச் சாயங்காலம் ஒரு தெளிவு வரும். இவர்களைப் பாருங்கள், நிம்மதியைத் தேடித் தேடியே கண் இரண்டும் குழிக்குள் போயிருக்கும்.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். எவ்வளவு நன்றாக என்று துருவ வேண்டாம். பேருந்துப் பணிமனையில் எந்த வண்டி எப்போது புறப்பட வேண்டும் என்று நேரம் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. அங்கே அவரை எல்லோரும் அட்டவணையார் என்பார்கள். மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்பே எழுந்தாக வேண்டியவர். ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள்.

சில மாதங்களாக அட்டவணையாருக்குச் சரியான தூக்கமில்லை. மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது அவர் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டதும் பயந்துபோய் மருத்துவரிடம் ஓடினார். மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்.

"உடம்புல ஒண்ணும் இல்ல. படுக்கறதுக்கு முன்னாடி மனசைக் கொஞ்சம் லேசாக்குங்க. ஏதாவது வரைங்க, மூச்சைக் கவனிங்க. அவ்வளவுதான்."

வேறு யாராக இருந்தாலும் அது அவ்வளவோடு போயிருக்கும். நம்மவரோ அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய், வண்ணப் பென்சில் பெட்டி, நிறம் தீட்டும் புத்தகம், உருட்டிப் பிசையக் களிமண், பின்னல் ஊசி, நூல்கண்டு, வாசனை எண்ணெய், காதடைப்பான், கண்ணை மறைக்கும் பட்டை, போதாக்குறைக்குத் தூக்கத்துக்கு மார்க் போடும் கைக்கடிகாரம் என்று நிம்மதியை மூட்டை கட்டிக்கொண்டு, மூச்சிரைக்க மாடிப்படி ஏறினார். மூச்சைக் கவனிக்க அருமையான சந்தர்ப்பம். கவனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து வீட்டில் ஓய்வுக்கு நேரம் போடப்பட்டது. முதலில் வண்ணம், பிறகு களிமண், அதற்குப் பின் மூச்சு. ஒன்றும் தாமதமாகக் கிளம்பக் கூடாது. கோட்டைத் தாண்டி ஒரு கீற்று நிறம் போய்விட்டால் அந்தப் பூவையே அழித்து மறுபடி தீட்டுவார். மனசு லேசாக வரைகிறவருக்கு அழிப்பான் எதற்கு? கேட்டுப் பாருங்கள்! பக்கத்து அறையில் மகள் பாத்திரத்தை நகர்த்தினால் போதும்.

"சத்தம் போடாதீங்க! நான் நிம்மதியா இருக்கேன்!" என்று அவர் போடும் கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் தொலைக்காட்சியை அணைத்துவிடுவார்.

எதையும் முழுக் கவனத்தோடு செய்ய வேண்டும் என்று எங்கோ படித்தாரோ இல்லையோ, பல் தேய்ப்பதும் தவமாகிவிட்டது. ஒவ்வொரு பல்லையும் தனித்தனியே விசாரித்துவிட்டுத்தான் வெளியே வருவார்.

"அப்பா, பஸ் போயிடும்!" என்று மகள் கதவைத் தட்டுவாள்.

"போகாது. அந்த பஸ்ஸுக்கு நேரம் போட்டதே நான்தான்."

பஸ் போய்விடும்.

மனைவி பாடுதான் பெரும்பாடு. இருட்டுப் பிரியாத நேரத்தில் அவர் தோளைப் பிடித்து இவர் உலுக்குவார்.

"என்னங்க? யாருக்கு என்ன?"

"மார்க் கூடியிருக்கு! நேத்தைவிட நல்லா தூங்கியிருக்கேன்."

"நான் தூங்கினேனா?"

"நீதான் வாட்ச் கட்டலையே, எப்படிச் சொல்ல முடியும்?"

இதெல்லாம் சிரிக்கிற சங்கதிதான், அந்த வெள்ளிக்கிழமை வரை. அன்று காலை பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய வேன், பள்ளிக்கூட வாசல் தூணில் உரசிக்கொண்டு நின்றது. உள்ளே பிள்ளைகள் யாரும் இல்லை. பக்கவாட்டுத் தகரம் நசுங்கியதோடு போயிற்று. வீட்டுக்கு வந்த மனைவி நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நொடி கண்ணசந்துட்டேங்க. பிள்ளைங்க இறங்கின பிறகு. அவங்க இருக்கும்போது ஆகியிருந்தா?"

இருட்டில் தான் உலுக்கி எழுப்பியதெல்லாம் அட்டவணையாருக்கு நினைவு வந்தது. உண்மையாகவே வருந்தினார், அதில் கேலி இல்லை. ஆனால் இந்த இனத்துக்கு ஒரு குணம் உண்டு. தன்னால் ஒருவர் தூக்கம் கெட்டது தெரிந்தால், வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்காது. வகுப்பு எடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் பாய் விரித்தாயிற்று. மனைவி, மகள், விருந்துக்கு வந்த மனைவியின் அண்ணன், கீழ்வீட்டுப் பல் மருத்துவர் எல்லோரும் படுக்கவைக்கப்பட்டார்கள். அட்டவணையார் நடுவில் சம்மணமிட்டுக் குரலைக் குழைத்தார்.

"கண்ணை மூடிக்குங்க. மூச்சு உள்ள வருது. வெளிய போகுது. எண்ணம் வந்தா வரட்டும்..."

எண்ணம் வரவில்லை. அண்ணனின் குறட்டை வந்தது. பல் மருத்துவர் வாயைத் திறந்து, தன்னிடம் வருகிறவர்களை எப்படித் திறக்கச் சொல்வாரோ அப்படியே தூங்கிப்போனார்.

"மச்சான்! தூங்கக் கூடாது, கவனிக்கணும்!"

அண்ணன் பதறி எழுந்தார். "தூக்கம் வரத்தானே மாப்ள இந்த வகுப்பு?"

"ஆமா. ஆனா இப்படி இல்ல. முறைப்படி வரணும்."

அடுத்து மனைவி பக்கம் திரும்பினார். ஒருக்களித்து, கன்னத்துக்குக் கீழே கையை வைத்து, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார் மனைவி. தட்டி எழுப்ப இவர் கை தோள்வரை போய்விட்டது. மகள் எட்டி அந்தக் கையைப் பிடித்தாள்.

"அப்பா, வேணாம். அம்மா இப்படித் தூங்கி எவ்வளவு நாளாச்சு? தயவுசெஞ்சு சும்மா இருங்க."

சும்மா இருப்பது! அதற்கு மட்டும் அவரிடம் ஒரு சாமானும் இல்லை. எழுந்தால் பலகைத் தரை கிறீச்சிடும், பேசினால் மகள் முறைப்பாள். ஒன்றும் தோன்றாமல், கைக்கெட்டிய காகிதத்தில் எதிரே தெரிந்த மனைவியின் பாதங்களைக் கிறுக்க ஆரம்பித்தார். குதிகால் எங்கோ போயிற்று. விரல் ஒன்று கூடிவிட்டது. அழிப்பான் அலமாரியில் இருந்தது, எடுக்க முடியாது. போகட்டும் என்று விட்டார். மின்விசிறி சுற்றியது. மனைவியின் மூச்சு ஏறி இறங்கியது. அதைக் கேட்டுக்கொண்டே இன்னொரு பாதத்தைத் தொடங்கினார். எப்போது சுவரில் சாய்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

கண் விழித்தபோது கூடத்தில் சாயங்கால வெயில். விருந்தாளிகள் சொல்லாமல் போயிருந்தார்கள். மனைவி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் தெளிவு.

"இது என்னங்க, உருளைக்கிழங்கா?"

"உன் கால்."

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தூங்கறவங்களை எழுப்பித் தூங்கக் கத்துக்கொடுத்த ஒரே ஆள் நான்தான்மா. இனிமே உன்னை எழுப்பமாட்டேன்." சொன்னபடி எழுப்பவும் இல்லை. வேன் இப்போது தூணிலிருந்து கௌரவமான தூரத்தில்தான் திரும்புகிறது.

அதோடு திருந்திவிட்டார் என்றா நினைத்தீர்கள்? திங்கட்கிழமையே பணிமனையில் நடத்துனர் ஒருவரை நிறுத்தி, "ராத்திரி தூக்கம் வரலேன்னா வீட்டுக்காரம்மா காலை வரைஞ்சு பாருங்க. ஆனா இடது கால்லதான் ஆரம்பிக்கணும்" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. இதை யாருக்கு அனுப்பினால் உறைக்கும் என்று ஒரு முகம்கூட மனதில் வந்திருக்கும். நல்லது. ஆனால் ஒரு விஷயம். நிம்மதியாகத் தூங்கத் தெரிந்தவர் யாரும் தூக்கத்தைப் பற்றிய கட்டுரையைக் கடைசி வரி வரைக்கும் படிப்பதில்லை.