தார் ஊற்றிய தெருவில் கச்சபேசன்

ஒரு காட்டில் ஓர் ஆமை இருந்தது. அந்தக் காடு நகராட்சியாகத் தரம் உயர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு அங்கே தெருவும் இல்லை, தெருவைத் தோண்டும் வழக்கமும் இல்லை.

ஆமையின் பெயர் கச்சபேசன். சொந்த வீட்டுக்காரன். முதுகோடு கூடவே பிறந்த வீடு என்பதால் வில்லங்கம் எதுவும் கிடையாது. குறை ஒன்றே ஒன்றுதான், வேலை இல்லை. வேலை இல்லாததால் கல்யாணமும் ஆகவில்லை.

அடுத்த தெருக் குளத்தில் கூர்மையா என்று ஒரு பெரிய ஆமை. அவருக்குச் செங்கமலம் என்று ஒரு மகள். கச்சபேசனுக்கு அவள் மேல் உயிர். துணிந்து ஒருநாள் போன் போட்டுக் கேட்டுவிட்டான்.

"சொந்த வீடு இருக்கு, சந்தோஷம். வேலை?" என்றார் கூர்மையா.

"தேடிக்கிட்டு இருக்கேன் மாமா."

"வேலையில்லாத பையனுக்கு எப்படிப்பா பொண்ணக் குடுக்கிறது? சரி, ஆசைப்பட்டுக் கேட்டுட்டே. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வந்து முகத்தைக் காட்டு. அன்னிக்கு வேற ஒரு இடமும் வருது."

கச்சபேசன் திங்கட்கிழமை காலையிலேயே புறப்பட்டான். அடுத்த தெருதான், ஆனாலும் ஆமை ஆமைதானே.

கெட்ட நேரம், அன்றைக்குத்தான் ரோடு வேலை ஆரம்பம். 'பத்து நாளில் முடியும், வீட்டு உரிமையாளர்கள் ஒத்துழைக்கவும்' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. திங்களன்று சாக்கடைக்குத் தோண்டினார்கள். செவ்வாயன்று மூடினார்கள். அதே இடத்தைப் புதனன்று கேபிளுக்குத் தோண்டி, அன்றைக்கே மூடினார்கள். மூன்று நாளும் கச்சபேசன் குழியில் விழுவதும் ஏறுவதுமாகத் தெருவின் பாதியைக் கடந்திருந்தான். ஓரத்தில் ஒரு முயல், தன் ஜன்னலை மண் மூடுவதைப் பார்த்தபடி நின்றது.

"போன தடவை ரோடு போட்டப்ப வாசல் போச்சு, இந்தத் தடவை ஜன்னல்" என்றது முயல். "நம்புங்க, நாங்க கட்டினப்ப இது மாடி வீடு. இப்ப வளைன்னு சொல்லிட்டாங்க."

ஆறுதல் சொல்லக் கச்சபேசன் வாயைத் திறப்பதற்குள், ஒலிபெருக்கியோடு மைனா பறந்து வந்தது. "தார் ஊத்தப் போறோம்! வீட்டுக்காரங்க எல்லாம் உடனே அவங்கவங்க வீட்டுக்குள்ள போங்க!"

கச்சபேசன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். நடுத்தெருவிலேயே வீட்டுக்குள் போய்விட்டான்.

மேலே தார் விழுந்தது. உள்ளே அவனுக்கு வெந்நீரில் குளிப்பதுபோல இருந்தது. ரோடு ரோலராக வேலை பார்த்த யானை காலைத் தூக்கியபடி நின்றது.

"காண்டிராக்டரே, இங்க ஏதோ மேடு தட்டுதே?"

காண்டிராக்டர் நரி ஓடி வந்து பார்த்தது. ஒரு வேகத்தடை போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது அப்போதுதான் அதற்கு ஞாபகம் வந்தது. "மிதிச்சிடாதே, சுத்திப் போ! யாராவது வெள்ளை பெயிண்ட் எடுத்துட்டு வாங்க!"

மறுநாள் இன்ஜினியர் கரடி வந்தது. வெள்ளைக் கோடு போட்ட மேட்டை டேப்பால் அளந்தது. "மொத்த ரோட்டுல அளவு சரியா இருக்கிறது இது ஒண்ணுதான்" என்று கையெழுத்துப் போட்டது.

அப்போது வேகத்தடை தலையை நீட்டியது.

"ஐயா, நான் ஆமைங்க. நாளைக்குப் பொண்ணு பார்க்கப் போகணுங்க."

கரடி வெலவெலத்துப் போய்க் கோப்பைப் புரட்டியது. "கையெழுத்துப் போட்டாச்சேப்பா! நீ இப்ப அரசாங்கச் சொத்து. நகர்ந்தே, காணாமப் போன கேஸாயிடும்."

கச்சபேசன் கேவிக் கேவி அழுதான். கரடிக்கே பாவமாகிவிட்டது. "சரி, சரி, பத்துலேருந்து அஞ்சு வரைக்கும் கிடந்தாப் போதும். ஞாயித்துக்கிழமை லீவு."

"வெள்ளிக்கிழமை?"

"வேலை நாளாச்சே."

வெள்ளிக்கிழமை மணி பத்தே கால். செங்கமலத்தை வேறு யாரோ கொண்டுபோகும் நேரம் நெருங்க நெருங்க, கச்சபேசன் ஓட்டுக்குள்ளேயே குமைந்துகொண்டிருந்தான். அந்தத் தெரு வழியாகத்தான், ராகு காலத்துக்கு முன் வீடு சேர வேண்டுமென்று, அந்த வேறு இடத்து மாப்பிள்ளையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கூர்மையா பறந்து வந்தார். புது ரோடாயிற்றே, டிரைவர் காட்டுப்பன்றிக்குக் கேட்கவா வேண்டும்!

தடக்!

ஆட்டோ குடை சாய்ந்தது. மாமனாரும் அந்த மாப்பிள்ளையும் மல்லாந்து விழுந்து எட்டுக் காலையும் ஆகாயத்தில் ஆட்டினார்கள்.

"அடப்பாவி, கச்சபேசா! பொண்ணு பார்க்க வராம நடுரோட்டுல என்னடா பண்றே?"

"வேலையில இருக்கேன் மாமா."

"என்ன வேலை?"

"நகராட்சியில. வேகத்தடை."

கூர்மையாவின் கால்கள் ஆடுவதை நிறுத்தின. "நிரந்தரமா?"

"அசையவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"லீவு?"

"ஞாயித்துக்கிழமை."

கூர்மையா மல்லாந்தபடியே கைகூப்பினார். "மாப்பிள்ளே, என்னைக் கொஞ்சம் நிமிர்த்தி விடுங்க."

"அஞ்சு மணி ஆகட்டும் மாமா" என்றான் கச்சபேசன்.

பதினோராம் நாள் குடிநீர்க் குழாய்க்காக அந்தத் தெருவை மறுபடியும் தோண்டினார்கள். வேகத்தடையை மட்டும் தொடவில்லை, அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டுமாம். முயலுக்கு இப்போது கூரையும் தெரிவதில்லை.

நீதி: ரோடு போடும்போது முதலில் வாசல் போகும், அப்புறம் ஜன்னல் போகும், கடைசியில் கூரையும் போகும். குறுக்கே படுத்துக்கொண்டவனுக்கு மட்டும் அரசாங்க வேலை கிடைக்கும்.