தழும்புள்ள கிண்ணத்தைத் திருப்பி அனுப்பவும்

யமனகா,
பிப்ரவரி 9

அன்புள்ள நாத்தனார் தோமிகோவுக்கு,

இங்கே கூரைப் பனி பாதிகூட இறங்கவில்லை. உங்கள் கோபேயில் இந்நேரம் ப்ளம் பூத்திருக்கும். உன் முழங்கால் வலியும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். எழுபத்து நான்கு வயதில் ஒரு பெண்மணி எவ்வளவு நலமாக இருப்பது மரியாதையோ, அவ்வளவு நலம்.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் உனக்கு அனுப்பிய பெர்சிமன் மரக் கிண்ணத்தை, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பருத்தித் துணியில் சுற்றி, கெட்டியான அட்டைப் பெட்டியில் வைத்து எனக்குத் திருப்பி அனுப்பிவிடு. அதன் அரக்குப் பூச்சில் குறை இருப்பதாகத் தெரியவந்திருக்கிறது. உடம்புக்கு ஆகாது.

மேலே எழுதியது பொய். மையால் எழுதிய வரியை அடிக்கக் கூடாது, தவறு இருந்தால் அடுத்த வரியில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எங்கள் கன்னியர் மடத்துப் பள்ளியில் மதர் க்ளோதில்த் சொல்லுவார். அதனால் அடிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். பூச்சில் குறை இல்லை. எனக்கு அந்தக் கிண்ணம் வேண்டும். ஏன் என்பதை முறையாக எழுதிவிடுகிறேன், பிறகு நீ மறுக்க முடியாது.

ஜனவரி பதினைந்தாம் தேதி கொல்லையிலிருந்த பெர்சிமன் பழ மரத்தை மிரட்டும் வழக்கம் உனக்குத் தெரியும். உன் அப்பாவும் அம்மாவும் செய்ததுதான். எனக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த முதல் ஜனவரியில் உன் அண்ணன் கென்சாகு கையில் கைக்கோடரியோடு என்னைப் பனிக்குள் கூட்டிப்போய், "நீ மரத்துக்குப் பின்னாடி போய் நில்லு" என்றார். நான் பிரெஞ்சு மொழியில் மன்றாட்டு மாலை சொல்லத் தெரிந்த பெண். நின்றேன். அவர் முன்பக்கம் நின்று மரத்தில் ஒரு கொத்து கொத்தி, "காய்ப்பியா, மாட்டியா? காய்க்கலேன்னா வெட்டிப் போட்டுருவேன்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். பிறகு, "என்ன, பதில் சொல்லு" என்றார்.

"யாரு?"

"நீதான். நீதான் இப்ப மரம்."

"நான் மரமில்ல. இந்த வீட்டு மருமக."

"ஒரு நிமிஷம் மரமா இருந்துட்டு அப்புறம் மருமகளா இரு. கால் விறைக்குதுல்ல?"

மேசையின் மறுகோடிக்கு அப்பால் ஒரு பெண்ணின் குரல் கேட்கக் கூடாது என்பது எங்கள் பள்ளியின் விதி. ஆகவே மரப்பட்டைமேல் வாயை வைத்து, மரத்துக்கு மட்டும் கேட்கும்படி, "காய்க்கிறேன், காய்க்கிறேன், வெட்டாதீங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மரத்தில் கொத்திய வெட்டுவாயில் சிவப்புப் பயற்றங் கஞ்சியை ஊற்றினார். நாற்பத்தொரு வருடம் இதைச் செய்தோம், தோமிகோ. ஒவ்வொரு வருடமும் பையில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு வெட்கத்தோடுதான் செய்தேன். மரம் ஒரு வருடம்கூடக் காய்க்காமல் இருந்ததில்லை.

அவர் போனபின் நான் அதைச் செய்யவில்லை. விதவை ஒருத்தி கோடரியோடு கொல்லையில் கத்தினால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? முதல் வருடம் இருபது காய். அடுத்த வருடம் நான்கு. மூன்றாம் வருடம் ஒன்றுமில்லை, இலை மட்டும் வண்டிவண்டியாக உதிர்ந்தது, நான் பெருக்கினேன். வெட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் நான் யாரையும் விசாரிக்காமல் தண்டிக்கிறவள் இல்லை. ஆகவே போன வருடம் ஜனவரி பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, அவருடைய கோடரியை எடுத்துக்கொண்டு, அவர் நின்ற இடத்தில் நின்று, ஒரு கொத்து கொத்தி முறைப்படி கேட்டேன். காய்ப்பாயா, மாட்டாயா? கைக்கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் காத்திருந்தேன். பள்ளியில் எங்களுக்கு அரை நிமிடம்தான் கொடுப்பார்கள். பதில் வரவில்லை. அடுத்த வாரம் ஆள் வைத்து வெட்டினேன்.

உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியப் பத்து மாதம் ஆயிற்று. அந்த மரத்துக்கு வாய் நான்தான். வாய் இந்தப் பக்கம் கோடரியோடு நின்றுகொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லையே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெட்டினால் உள்ளே கறுப்பு. ஆயிரம் பெர்சிமனில் ஒன்றுக்குத்தான் அப்படி இருக்குமாம். மேல் தெருவில் மரக்கடைசல் பட்டறை வைத்திருக்கும் நகாதெ, இடுப்பில் கட்டிய வேலைத் துணியைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்து அடிமரத்தின் முன் மண்டியிட்டுவிட்டார். "அம்மா, மையக் கொட்டினாப்ல இருக்கு பாருங்க! இத அடுப்புல போட்டீங்கன்னா நான் ஊரவிட்டே போயிருவேன்!" என்றார். அவர் ஊரில் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லாததால் சம்மதித்தேன். நம் பள்ளத்தாக்கு முறைப்படி, மரம் நின்ற வாக்கிலேயே கிண்ணமும் நிற்கும்படி நடுத்தண்டைச் சுற்றி ஐந்து கட்டை எடுத்தார். முதலில் தடிமனாகக் கடைந்து, பட்டறை அடுப்புக்கு மேல் புகையில் நான்கு மாதம் காயவைத்து, இலையுதிர் காலத்தில் மெல்லிசாகக் கடைந்து பூச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை. தன் பங்குக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது மூன்று தடவை வேண்டாம் என்றார். மரியாதைக்கு இரண்டு தடவை போதும்.

நான்கு கிண்ணங்கள் மாசு மறு இல்லாதவை. வெளிறிய மரத்தில் மழைமேகம் போலக் கறுப்பு. ஐந்தாவதின் உதட்டில் வரிசையாகத் தழும்புகள். எத்தனை கடைந்தும் போகவில்லை என்றார் நகாதெ. நல்லவற்றில் ஒன்றை நகாதெக்கும், ஒன்றை பாதிரியார் உசுயிக்கும் கொடுத்தேன். ஒன்றைப் பூசை மாடத்தில் உன் அண்ணன் படத்தின் முன் சோறு வைக்க வைத்துக்கொண்டேன், ஒன்று எனக்கு. தழும்புள்ளதை உனக்கு அனுப்பினேன். "இருப்பதிலேயே அழகானதை உனக்கெனத் தேர்ந்தெடுத்தேன்" என்று கூடவே ஒரு அட்டையும் வைத்திருந்தேன். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தில் இதோடு இரண்டு.

டிசம்பர் முதல் ஞாயிறு, பூசை முடிந்து பங்குப் பெண்கள் பதினான்கு பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பாதிரியார் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்து, "ஷிசுயே அம்மா வீட்டு மரம். எவ்வளவு கெட்டின்னு பாருங்க" என்று நகத்தால் சுண்டினார். கிண்ணம், "காய்க்கிறேன், காய்க்கிறேன், வெட்டாதீங்க" என்றது. என் குரல்! பதினான்கு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாய் நிறையப் பயற்று இனிப்போடு உட்கார்ந்திருந்தேன். பாதிரியாரின் தேநீர் வெள்ளை அங்கியில் கொட்டிவிட்டது. "அம்மா... நீங்களா பேசுனீங்க?" என்றார். நான் மென்று, விழுங்கி, உதட்டைத் துடைத்து, "வாயில் உணவை வைத்துக்கொண்டு நான் பேசுவதில்லை, சாமி" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கிண்ணம் மறுநாளே என் வாசலுக்கு வந்துவிட்டது, மேலே தீர்த்தம் தெளித்த ஈரத்தோடு.

நகாதெ பட்டறைக்குப் போனேன். அவர் கிண்ணம் அலமாரியின் அடியில், மூன்று துணிக்குள் இருந்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும்மா. எந்திரம் ஓடுது, உளி மரத்துல படுது, வாசல்ல நீங்க 'வெட்டாதீங்க'ன்னு சொல்றீங்க. நாலு தடவ போய்க் கதவத் திறந்து கும்பிட்டுட்டு வந்தேன். தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. உளிய எடுத்தா நிக்குது, வச்சா வருது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கெஞ்சக் கெஞ்சக் கடைஞ்சு முடிச்சேன். அம்மா சொன்ன தேதிக்குக் குடுக்கலேன்னா அம்மா என்னைய விட்டு வெப்பீங்களா?"

சாப்பாட்டுக் குச்சியால் கிண்ணத்தைத் தட்டினால் பசித்த பேய்கள் வரும் என்று குழந்தைகளை அதட்டுவோம். நான் நகாதெயின் கிண்ணத்தையும் வாங்கிவந்து, என் சமையலறையில், பட்டப்பகலில், நான்கு கிண்ணங்களையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். நான்கும் என் குரல். வெவ்வேறு வயதில் என் குரல், தோமிகோ. ஒன்றில் எனக்கு முப்பது இருக்கும். தொண்டையில் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்கிறேன். வெட்கத்தோடுதான் செய்தேன் என்று மேலே எழுதினேன் அல்லவா, எல்லா வருடமும் அப்படி இல்லை போலிருக்கிறது. பூசை மாடத்துக் கிண்ணத்தைத் திரும்பக் கொண்டுபோய் வைத்து, உன் அண்ணன் படத்துக்கு எதிரிலும் ஒரு தடவை தட்டிப் பார்த்தேன். அதிலும் நான்தான். அவர் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் போன வாரம் உன் தொலைபேசி வந்தது.

"அண்ணி, சிரிக்கக் கூடாது."

"நான் எப்போது சிரித்திருக்கிறேன்?"

"கிண்ணத்துல அண்ணன் பேசுறாரு."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். "என்ன சொல்றாரு?"

"காய்ப்பியா மாட்டியான்னு அதட்டுறாரு அண்ணி. எனக்கு அறுபத்தொம்பது வயசு. நான் என்னத்தக் காய்க்கிறது?"

தட்டிக் காட்டச் சொன்னேன். தட்டினாய். எனக்குக் குச்சி பட்ட சத்தம் கேட்டது, அதன்பின் கம்பியின் இரைச்சல் மட்டும். "கேட்டுச்சா அண்ணி?" என்றாய். "கேட்டுச்சு" என்றேன். இது மூன்றாவது பொய்.

நகாதெயிடம் ஓடினேன். ஓடினேன் என்றுதான் எழுத வேண்டும், பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர் தரையில் கரியால் ஒரு வட்டம் வரைந்து காட்டினார். "இந்த நாலு கட்டையும் மரத்தோட பின்பக்கம், நீங்க வாய வச்ச பக்கம். அந்தத் தழும்புக் கட்ட மட்டும் முன்பக்கம், அய்யா கொத்துன பக்கம். அது தழும்பு இல்லம்மா, நாப்பத்தொரு வருசக் கேள்வி. நல்லதா நாலு இருக்க, அதப் போயி வேண்டாம்னு தள்ளுனீங்களே!" குறை சொல்லிக் குறை சொல்லியே வாழ்ந்தவள் நான். குறையுள்ளதைத் தள்ளினேன். தள்ளியதில் அவர் இருந்தார்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். நேற்று நீ மறுபடி பேசினாய். காலையில் தேநீர் போட்டதும் ஒரு தட்டுத் தட்டுவதாகச் சொன்னாய். வீட்டில் ஆம்பளைக் குரல் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பாவம், கேட்டுட்டே இருக்காரேன்னு நானே 'காய்க்கிறேன் காய்க்கிறேன்'னு சொல்லிட்டேன் அண்ணி. நாலஞ்சு நாளா சொல்றேன். கொஞ்சம் அமைதியானாப்ல இருக்கு" என்றாய்.

தோமிகோ, அது என்னுடைய பதில். நீ அவருக்குத் தங்கை. அவர் சட்டைக்குப் பொத்தான் தைக்கலாம், அவரைப் பற்றி என்னிடம் கோள் சொல்லலாம். ஆனால் அந்த மரத்துக்குப் பின்னால் பனியில் நின்றது நீ அல்ல. நீ சொன்ன பதில் செல்லாது. மரத்துக்கு உன் குரல் தெரியாது. பதில் சொன்னது நான் அல்ல என்று உன் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும், மரியாதைக்காகப் பேசாமல் இருந்திருப்பார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ பதில் சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து என் நான்கு கிண்ணங்களும் ஊமையாகிவிட்டன. தட்டித் தட்டிப் பார்க்கிறேன். மரச் சத்தம்தான் வருகிறது.

ஆகவே கிண்ணத்தை அனுப்பு. பதிலுக்கு மாசில்லாத நான்கையும் உனக்கே அனுப்பிவிடுகிறேன். நான் இதுவரை உன்னிடம் எதையும் கெஞ்சியதில்லை. இதையும் கெஞ்சல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சீக்கிரம் அனுப்பு.

முழங்காலுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. உனக்கும் உன் வீட்டுக்கும் ஆண்டவரும், உங்கள் வழக்கப்படி புத்தரும், தங்களுக்குள் பேசி முடிவு செய்து ஒரு குறையும் வராமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி,
ஹோரிதா ஷிசுயே

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். தபாலில் சேர்க்கக் கொல்லை வழியாகப் போனேன். அடிமரம் பனிக்குள் இரண்டடி ஆழத்தில் இருக்கிறது. அதற்கு மேல், முன்பு மரத்தின் நிழல் விழுமே, அந்த வட்டத்துக்குள் பதினொரு பெர்சிமன் பழங்கள் கிடக்கின்றன. பழுத்தவை. உயரத்திலிருந்து விழுந்தவை, பனியில் ஒவ்வொன்றும் ஒரு குழி தோண்டியிருக்கிறது, இரண்டு வெடித்துச் சிதறியிருக்கின்றன. சுற்றிலும் காலடித் தடம் எதுவும் இல்லை. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். நம் மரத்துத் துவர்ப்பேதான், இதை எழுதும்போதும் நாக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. நான் நின்றுகொண்டிருக்கும்போதே தோளுக்குப் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. பன்னிரண்டு.

ஆகவே உன் பதில் செல்லும். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. கிண்ணத்தை அனுப்ப வேண்டாம்; அதை மடியில் வைத்துக்கொண்டு நீயே அடுத்த ரயிலில் வா. பழத்தைத் தோல் சீவிக் கயிற்றில் கட்டிக் காயத் தொங்கவிட எனக்கு ஒரு ஆள் வேண்டும். வரும்வரை தினமும் ஒரு தடவைக்கு மேல் பதில் சொல்லாதே, பக்கத்து வீட்டுக் கூரை பழையது.

நான் இன்னும் மேலே பார்க்கவில்லை. நீ வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்.