ஈரக்கால் சாட்சி

ஏழு நாடுகளுக்கு நடுவில் ஒரு கடல் இருந்தது. வட்டமாக இருந்ததால் வட்டக்கடல் என்றே அதற்குப் பெயர். எந்த நாட்டின் மாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியும், எதிர்க்கரை தெரியாது. அதனால் ஒவ்வொரு நாடும் கடல் முழுக்கத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக அதில் குப்பை கொட்டி வந்தது.

ஒரு வருடம் ஏழு கரையிலும் ஒரே வாரத்தில் மீன்கள் செத்து ஒதுங்கின. செத்ததெல்லாம் பக்கத்து நாட்டு மீன் என்று ஒவ்வொரு நாடும் சொல்லிப் பார்த்தது. மீன்களிடம் அடையாளச் சீட்டு எதுவும் இல்லாததால் யாராலும் அதை நிரூபிக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் எல்லாரும் கூடிப் பேசுவதென்று முடிவாயிற்று. வட்டக்கடல் பாதுகாப்புப் பேரவை அப்படித்தான் பிறந்தது.

பேரவை கூடுவதற்குப் பாசித்துறை என்ற ஊரைப் பிடித்தார்கள். இரண்டு நாடுகள் எல்லைக்கல் நட்டபோது இரண்டுமே மறந்துபோன ஊர் அது. யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லாருக்கும் பொது என்றார்கள். கடலிலிருந்து பத்தடி தள்ளிப் பளிங்கு மண்டபம் ஒன்று எழும்பியது. அந்த இடத்தில் இருந்த குடிசையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். குடிசைக்காரி நீலாயியும் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

நீலாயி பாசி எடுக்கிறவள். ஊருக்குத் தெற்கே இரண்டு கரும்பாறைகளுக்கு நடுவில் ஆமைக்குடா என்று ஒரு சின்னக் குடா உண்டு. மூச்சை அடக்கி அதில் முங்கி, பாறையில் வளர்ந்த கடற்பாசியைப் பிடுங்கி வந்து மணலில் காயப்போட்டு விற்பாள். அவள் புருஷன் தவசிக்கு ஒரு வள்ளம் இருந்தது. மீன்பாடு இல்லாத நாளில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததெல்லாம் ஆமைக்குடாவால்தான்.

அந்த ஏழு நாடுகளுக்கும் பொதுவாகப் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. கடலைப் பற்றி எந்த ஒப்பந்தம் போட்டாலும், கடலில் பிழைக்கிற ஒருவர் கடல் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு வந்து அந்தத் தாளின் மேல் மிதிக்க வேண்டும். அந்தக் கால்தடம் காய்வதற்குள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். காய்ந்தபின் போட்டால் செல்லாது. மனசு மாற நேரம் கொடுக்கக் கூடாது என்று அந்தக் காலத்து மனிதர்கள் நினைத்திருக்கிறார்கள். மனிதர்களை அவர்கள் நன்றாகத்தான் புரிந்துவைத்திருந்தார்கள்.

பேரவைச் செயலர் வித்தகநாதர் சாட்சியைத் தேடிப் புறப்பட்டு, வெயிலாக இருந்ததால் முதல் குடிசையிலேயே தேடலை முடித்துக்கொண்டார்.

"அம்மையே, தாங்கள் ஈரக்கால் சாட்சியாகத் தேர்வு பெற்றிருக்கிறீர்கள்."

"நான் என்னய்யா செய்யணும்?"

"கடலில் காலை நனைத்துக்கொண்டு வந்து வைக்க வேண்டும்."

"அது தெனமும் செய்யுறதுதான. சரிய்யா. ஆனா ஒண்ணு, எங்க ஆமைக்குடாவ யாரும் கெடுக்கக் கூடாதுன்னு அதுல எழுதிருங்க."

வித்தகநாதர் நல்ல மனிதர். அங்கேயே உட்கார்ந்து அதை முதல் ஷரத்தாக அழகான கையெழுத்தில் எழுதி, ஒவ்வொரு சொல்லாக விரல்வைத்துப் படித்தும் காட்டினார். ஒப்பந்தம் செல்லுபடியாகும் நொடியிலிருந்து ஆமைக்குடாவில் ஒரு கைப்பிடி மண்ணைக்கூட யாரும் போட முடியாது. நீலாயிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பேரவையின் அடையாளமாக மேடையில் வைக்கக் கொஞ்சம் கடல்நீர் வேண்டுமென்று அவர் கேட்டபோது, அவளே ஆமைக்குடாவில் இறங்கி ஒரு கண்ணாடிக் குடுவை நிறைய மொண்டு வந்து கொடுத்தாள். கூடவே ஒரு நூல் அளவுக்குப் பாசியும் வந்துவிட்டது. செயலர் அதை அழகாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

முதல் கூட்டம் பிரமாதமாக நடந்தது. எல்லாரும் எழுந்து நின்று குடுவைக்கு வணக்கம் செலுத்தினார்கள். கடல் வாழ வேண்டுமா என்று கேட்டபோது ஏழு கைகளும் உயர்ந்தன. பதினேழு ஷரத்துகளும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஏற்கப்பட்டன. நீலாயி ஓடிப்போய்க் காலை நனைத்து வந்து தாளில் மிதித்தாள். முதல் கையெழுத்துப் போடுகிற நாடுதான் கடல் காக்கும் பணிக்குத் தலைமை ஏற்கும் என்று பதினேழாவது ஷரத்து சொன்னது. அங்கேதான் பேனா நின்றது.

மேலைக்கரை அமைச்சர் எழுந்தார். "கடலைக் காப்பதில் எங்கள் நாடு எவருக்கும் பின்னால் நிற்காது. ஆகவே முன்னால் நிற்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை."

கீழைக்கரை அமைச்சரும் எழுந்தார். "சூரியனே எங்கள் கரையில் உதித்த பிறகுதான் தங்கள் கரைக்கு வருகிறது. சூரியன் கடைப்பிடிக்கும் வரிசையைத் தாங்கள் மாற்றப் போகிறீர்களா?"

கால்தடம் காய்ந்துவிட்டது. நீலாயி மறுபடி ஓடினாள். அவள் வந்து மிதித்தபோது மூன்றாவது நாட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்தார். அன்று அவள் பதினோரு முறை கடலுக்கும் மண்டபத்துக்குமாக ஓடினாள். பத்தடிதானே என்று அவளும் சலித்துக்கொள்ளவில்லை.

கடைசியில் வித்தகநாதர்தான் வழி சொன்னார். "பெரியோர்களே, கடலை அதிகம் தொட்டுக்கொண்டிருப்பவருக்குத்தானே அதன்மேல் அதிக அக்கறை இருக்கும்? எந்த நாட்டின் கரை நீளமோ அந்த நாடு தலைமை ஏற்கட்டும். அடுத்த ஆண்டு கயிறு பிடித்து அளந்துவிடலாம்."

இவ்வளவு நியாயமான பேச்சை அந்த மண்டபம் அதுவரை கேட்டதில்லை. எல்லாரும் ஒப்புக்கொண்டு அவரவர் நாட்டுக்குத் திரும்பி, அவரவர் கரையை நீளமாக்கத் தொடங்கினார்கள்.

அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. கடலுக்குள் மண்ணைக் கொட்டி ஒரு மேட்டை விரல்போல நீட்டினால் அதற்கு இரண்டு பக்கமும் கரை கிடைக்கும். பத்து விரல் நீட்டினால் இருபது பக்கம். மேலைக்கரை முதலில் நீட்டியது. அதைப் பார்த்துக் கீழைக்கரை நீட்டியது. ஒரே வருடத்தில் வட்டக்கடலின் ஓரம் முழுக்கச் சீப்புப் பல்லாக ஆகிவிட்டது.

இரண்டாம் கூட்டத்துக்குக் காலை நனைக்க நீலாயி முந்நூறு அடி நடக்க வேண்டியிருந்தது. அவள் வித்தகநாதரை ஓரமாக நிறுத்திக் கேட்டாள்.

"ஐயா, கடலக் காக்கத்தான கூடுறீக. பொறவு எதுக்கு அதுல மண்ணக் கொட்டுறீக?"

"கரை என்பது கடலுக்கு வேலி, அம்மையே. வேலி நீள நீளக் காவல் கூடும்."

"வேலி கூடுதுய்யா. கடல் கொறையுதே."

"அதற்குத் தனிக் குழு இருக்கிறது."

அவர் அவ்வளவு படித்தவர், இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார். தனக்குத்தான் ஏதோ விளங்கவில்லை என்று நீலாயி நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அன்று முழுக்க ஒரு குழப்பம் அவள் மண்டைக்குள் ஈ மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த ஆண்டு தெற்குக்கரை நாடு இருபது முழத்தில் வென்றது. மற்ற ஆறு நாடுகளும் கயிறு நனைந்து நீண்டுவிட்டது என்று சொல்லி இன்னொரு வருடம் கேட்டன. கொடுக்கப்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை.

கொட்டிய மண்ணால் தண்ணீர் ஏறி, பாசித்துறை வீடுகளுக்குள் வந்தது. உடனே மிகுநீர்ச் சட்டம் வந்தது. "கடல் தன் எல்லையை மீறுகிறது. அதைக் காக்க வேண்டுமானால் முதலில் அதற்கு அடக்கம் கற்பிக்க வேண்டும்" என்று அறிவித்துவிட்டு, ராட்சத எந்திரங்களை வைத்துக் கடல்நீரை இறைத்து மலைக்கு அப்பாலுள்ள பாலைவனங்களில் விட்டார்கள். தண்ணீர் குறைந்ததும் மீன் குறைந்தது. அதற்கு மீன் ஓய்வுச் சட்டம் வந்தது. மீன்கள் களைத்துவிட்டதால் இனி யாரும் வலை போடக் கூடாது. வள்ளங்கள் கரையேறின. வேலை போனவர்களுக்கெல்லாம் கடற்காவலர் என்று பெயர் கொடுத்து, ஆளுக்கொரு நீலத் தொப்பியும் கொடுத்தார்கள்.

தவசி தொப்பியோடு வீட்டுக்கு வந்தான்.

"என்ன வேல குடுத்துருக்காவ?" என்று நீலாயி கேட்டாள்.

"கடலக் காக்குற வேல."

"என்ன செய்யணும்?"

"மண்ணு கொட்டணும்."

"எங்க?"

"கடல்லதான். வேற எங்க?"

தவசி தொப்பியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தொப்பி நல்லாத்தான் இருக்கு" என்றான்.

நாலாம் கூட்டத்தின்போது கடலுக்கு அரைநாள் நடை ஆகிவிட்டது. வருகிற வழியிலேயே கால் காய்ந்துபோனதால், அவள் ஒரு வாளியில் கடல்நீரைத் தூக்கிவந்து வாசலில் காலை முக்கிக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். வாளி முழுக்கத் தீர்ந்தது. அந்த வருடமும் கயிற்றில்தான் தகராறு. திரும்பும்போது நீலாயி மேடையிலிருந்த குடுவையை எட்டிப் பார்த்தாள். நூலாக இருந்த பாசி விரல் நீளத்துக்கு வளர்ந்து பச்சைப்பசேலென்று ஆடிக்கொண்டிருந்தது. வெளியே எங்கும் பாசியே இல்லை, இங்கே மட்டும் இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

நீர் வற்றிக்கொண்டே போனாலும் பள்ளமான ஆமைக்குடாவில் மட்டும் இடுப்பளவு தங்கியிருந்தது. கடலிலிருந்து பிரிந்த குட்டைநீர் சாட்சிக்குச் செல்லாது என்று விதி சொன்னது, பாசியும் அதில் செத்துப்போயிருந்தது. ஒரு நாள் தவசி சோறு வேண்டாமென்று உட்கார்ந்துவிட்டான். அவள் துருவித் துருவிக் கேட்டபிறகு சொன்னான்.

"நாளைக்கு ஒன் குடாவுலதான் எங்களுக்கு மொற."

நீலாயி மண்டபத்துக்கு ஓடினாள். வித்தகநாதர் கோப்புகளுக்கு நடுவில் இருந்தார்.

"ஐயா, மொதல் ஷரத்துன்னு எழுதிக் காட்டுனீகளே. ஒரு கைப்பிடி மண்ணு விழாதுன்னீகளே."

"ஒப்பந்தம் இன்னும் செல்லுபடியாகவில்லையே, அம்மையே. ஆன மறுநொடியே உங்கள் குடா காக்கப்படும்."

"அதுக்குள்ள தூந்துபோயிருமேய்யா."

"கவலை வேண்டாம். தூர்ந்த குடாவையும் காக்கலாம் என்று ஷரத்தைத் திருத்திவிட்டேன்."

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் நீலாயியை நிலைகுலைய வைத்தது. கேலி என்றால் திட்டிவிட்டு வந்திருப்பாள். அவரோ திருத்திய இடத்தை விரல்வைத்துப் படித்துக் காட்டினார். மறுநாள் நீலத் தொப்பிகள் வரிசையாக வந்து ஆமைக்குடாவை நிரப்பின. தவசியும் ஒரு கூடை கொட்டினான். கொட்டிவிட்டு அவளைப் பார்க்காமல் போய்விட்டான்.

ஐந்தாம் கூட்டத்துக்கு முன்பாக அளவைக்குழு கயிறோடு போய், சுற்றிய கயிற்றைப் பிரிக்காமலே திரும்பி வந்தது. ஒரு பக்கம் நிலமும் ஒரு பக்கம் நீரும் இருந்தால்தான் கரை. இரண்டு பக்கமும் நிலமாக இருந்தால் அதைக் கரை என்று எழுத விதியில் இடமில்லை. ஆகவே ஏழு நாடுகளின் கரையும் சுழியம்.

வித்தகநாதர் எழுந்து கைகூப்பினார். "பெரியோர்களே, ஏழும் சமம். இனி யாரும் யாருக்கும் பின்னால் இல்லை. தகராறு தீர்ந்தது."

அமைச்சர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. இந்த ஆண்டு வட்டக்கடலில் ஒரு மீன்கூடச் செத்து ஒதுங்கவில்லை. ஒரு கூடைக் குப்பைகூடக் கடலில் விழவில்லை. கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது.

"ஒப்பந்தத்தைக் கொண்டு வாருங்கள். சாட்சியை அழையுங்கள்."

நீலாயி வந்து நின்றாள். கால் வறண்டு வெடித்திருந்தது. வாளி காலியாக இருந்தது.

"ஈரம் எங்கே, அம்மையே?"

"கடல் இல்லய்யா."

இதை ஒரு நடைமுறைச் சிக்கலாக எடுத்துக்கொண்டு அவை ஆலோசித்தது. குடிநீர் ஊற்றலாமா என்றார் ஒருவர். கடல்நீர் என்று விதி தெளிவாகச் சொல்கிறது என்றார் செயலர். அப்போது மேலைக்கரை அமைச்சரின் பார்வை மேடைக்குப் போனது. ஒவ்வொருவராக எல்லாருடைய பார்வையும் போனது. கடலைக் காக்கும் ஒப்பந்தம் செல்லுபடியாவதற்காகக் குடுவையிலுள்ள கடலைப் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் வந்தது. ஏழு கைகளும் உயர்ந்தன.

"வேண்டாம்யா. அதுல பாசி இருக்கு. உசுரோட இருக்கு" என்றாள் நீலாயி.

"இதனால்தானே அம்மையே உங்கள் முதல் ஷரத்து உயிர்பெறப் போகிறது" என்றார் வித்தகநாதர் கனிவாக. எது எதற்காக என்று அவளுக்குப் பிடிபடவில்லை. காலை நீட்டச் சொன்னார்கள், நீட்டினாள். தண்ணீர் பாதத்தில் விழுந்து பளிங்கில் ஓடியது. ஆமைக்குடாவின் குளிர்ச்சி அவளுக்குத் தெரிந்த குளிர்ச்சி. பாசி கணுக்காலில் ஒட்டிக்கொண்டது. அதை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டு தாளில் மிதித்தாள். தடம் அழகாக விழுந்தது.

செயலர் பேனாவை நீட்டினார். மேலைக்கரை அமைச்சர் கையை நீட்டினார். கீழைக்கரை அமைச்சரும் நீட்டினார்.

"ஏழும் சமம் என்றால் முதலில் தாங்கள் எப்படி?"

"ஏழும் சமம் என்பதால்தான் நான் முதலில் போட்டாலும் ஒன்றுதான்."

"ஒன்றுதான் என்றால் நானே போடுகிறேனே."

பேச்சு வளர்ந்தது. மூன்றாவது நாடு எழுந்தது, நான்காவதும் எழுந்தது. நீலாயி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகால் முதலில் காய்ந்தது, பிறகு நடுப்பாதம், பிறகு ஒவ்வொரு விரலாக. கடைசியில் சுண்டுவிரல் இருந்த இடத்தில் வெள்ளையாக உப்பு மட்டும் மிஞ்சியது.

வித்தகநாதர் குனிந்து தடவிப் பார்த்தார். பிறகு ஐந்து வருடப் பழக்கத்தில், தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"காய்ந்துவிட்டது. அம்மையே, சற்று விரைவாகப் போய்க் காலை நனைத்துக்கொண்டு வாருங்கள்."

நீலாயி வாசல்வரை போய் நின்றாள். ஏழு திசையிலும் மண்.

"எந்தப் பக்கம்யா போவணும்?"

செயலர் முதல் வருடத்து வரைபடத்தை எடுத்து விரித்தார். நீல வண்ணம் இன்னும் மங்கவில்லை. மண்டபத்தின் மேல் ஒரு விரலையும் நீலத்தின் மேல் ஒரு விரலையும் வைத்து அளந்தார்.

"நேராகத்தான். பத்தே அடி."

அவ்வளவு படித்தவர் சொல்கிறார். நீலாயி பாசியை இறுகப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள்.