மேட்-இன் அங்கிளும் வாங்காத துப்பாக்கியும்

உலகத்தில் ஏறத்தாழ இருநூறு நாடுகள் இருக்கின்றன. அத்தனையோடும் ஒரே சமயத்தில் கோபித்துக்கொண்டிருந்த மனிதர் ஒருவர்தான். டெக்சாஸ் காப்பெலில், எங்களுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தார். எதைக் கையில் எடுத்தாலும் திருப்பி, எந்த நாட்டில் செய்தது என்று பார்ப்பார். தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மேட்-இன் அங்கிள். ஒருமுறை எங்கள் வீட்டில் காபிக் கோப்பையைத் திருப்பிப் பார்த்தார். காபி உள்ளேதான் இருந்தது. கம்பளத்தில் கறை ஏழு அங்குலம்.

போன வருடம் அவர் வீட்டுப் பின்கதவை யாரோ உடைத்தார்கள். போனது ஒரு பிரஷர் குக்கரும் ஒரு ஜோடி ஷூவும். ஆனால் அவர் மனைவி கோமதிக்குத் தூக்கமும் போயிற்று. "ஒண்ணு, துப்பாக்கி வாங்குங்க. இல்லாட்டி நியூ ஜெர்சிக்கே போய் பையனோட இருந்துடலாம்" என்று சொல்லிவிட்டார்.

அவர் போய்விட்டால் எனக்குத்தான் நஷ்டம். என் வீட்டில் பேரப்பிள்ளைகள் இங்கிலீஷில்தான் பதில் சொல்லும். ஒரு நாளைக்கு நான் பேசும் தமிழில் முக்கால் பங்கு இவரோடுதான். எப்படியாவது ஒரு துப்பாக்கியை இவர் தலையில் கட்டிவிடுவது என்று தீர்மானித்தேன்.

சனிக்கிழமைதோறும் ரிச்சர்ட்சன் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடைக்கு என் காரில் போனோம். முதலில் காட்டியது இத்தாலி. "அங்க மந்திரிசபை நிக்கவே மாட்டேங்குது சார்." அடுத்தது துருக்கி. அந்த ஆட்சியும் ஆகாது. பிரேசிலுக்குக் காட்டை வெட்டுவதைச் சொன்னார்.

"துப்பாக்கிக்கு ஏது சார் கட்சி? செஞ்சவன் எவனோ ஒரு தொழிலாளி" என்றேன்.

"மிக்சின்னா சட்னி அரைக்கிறதோட சரி. துப்பாக்கி செய்யறவன் தன் கவர்மெண்டுக்கும்தானே சார் சப்ளை பண்றான்? நான் வாங்கினா அந்த ஃபேக்டரி இன்னும் நல்லா ஓடும்."

நான் அடுத்த அலமாரியைக் காட்டினேன். "அப்ப அமெரிக்கத் துப்பாக்கி?"

"இங்க மட்டும் என்ன வாழுதாம்?"

"இந்த நாட்டுக்கு வரி கட்டறீங்களே."

"அது அவன் பிடுங்கறது. இது நானா குடுக்கறது."

"இந்தியாவுல செஞ்சது?"

குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஊரைப் பத்தி நமக்கே தெரியும். விடுங்க."

பதினோராவது சனிக்கிழமை ஒரு குட்டி நாடு தேறியது. பெயரைச் சொன்னால் அந்நாட்டார் வருந்துவார்கள். படிவம் நிரப்பப் பேனாவை எடுத்தவர் மணியைப் பார்த்தார். ஒன்பது நாற்பது. "பத்தரை வரைக்கும் ராகுகாலம் சார்." ஐம்பது நிமிடம் காரில் உட்கார்ந்தோம். அந்த ஐம்பது நிமிடத்தில் போனில் அந்த நாட்டுச் செய்திகளையெல்லாம் படித்து முடித்துவிட்டார்.

"கூட்டணியில யாரைச் சேத்திருக்கான் பாத்தீங்களா? வண்டியை எடுங்க."

வண்டியைக் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினேன்.

"கோபமா சார்?"

"நீங்க போயிடுவீங்க."

சீட் பெல்ட்டைத் திருப்பிப் பார்த்தார். "பிடிக்காதவன் செஞ்சதைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு எனக்குத் தூக்கம் வராது சார். பையன் வீட்டு சோபாவுல வந்துடும்."

மார்ச்சில் நியூ ஜெர்சி ஐசலினுக்கு, பையன் வீட்டுக்கே போய்விட்டார்கள். வாரம் ஒருமுறை போனில் பேசுகிறோம், சராசரி பன்னிரண்டு நிமிடம். அவர் செய்தது சரிதான் என்று இப்போது தோன்றுகிறது. இருந்தாலும், ஏதாவது ஒரு நாடு கொஞ்சம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால் அவர் இங்கேயே இருந்திருப்பார்.