ஏழாம் வரிசையை மழையிலிருந்து காப்பாற்றிய கதை

சிவகாசிப் பக்கம் வானம் கறுத்தால் முதலில் வருவது வசவு, அப்புறம்தான் மழை. பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என்று எங்கள் பிழைப்பு மூன்றுக்கும் வெயில் வேண்டும். மழை குறைந்த ஊர் என்பதால்தான் இந்தத் தொழில்களே இங்கே வந்து உட்கார்ந்தன. ஆனாலும் வருஷத்தில் பெய்கிற நாலு நாளையும் திட்டாமல் விடமாட்டோம். இப்படி ஆரம்பிப்பதிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும், நான் செய்த ஒரு காரியத்துக்கு ஊரைக் காரணம் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று. ஆமாம், அதற்குத்தான் பார்க்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பின் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். செல்போன் வைத்திருப்பவன் அதைச் சட்டைப்பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்ட காலம். நான் வைத்திருந்தேன். கல்லூரியில் கடைசி வருஷம். அப்பா சிவகாசியில் அச்சகம் நடத்தினார், பட்டாசு லேபிளும் காலண்டரும். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் மூடிக்கிடந்த நாட்களில் எங்கள் கல்லூரி ஐந்து நாள் சேவை முகாம் போட்டது. அதற்கு என்னைத் தலைவன் ஆக்கினார்கள். என் தலைமைப் பண்புக்காக என்று அன்று நினைத்தேன். எங்கள் அச்சகத்து லாரித் தார்ப்பாய்கள் கூடாரத்துக்குக் கிடைக்கும் என்பதற்காக என்று பிறகு தெரிந்தது.

முகாம் நடந்தது ஒரு உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகத்தின் பக்கத்துக் காலியிடத்தில். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு ஊர். (பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பீர்கள்.) பழைய பஞ்சாயத்துக் கட்டடம், இரண்டே அறை. உள்ளே மூக்குடைந்த ஒரு சிலை, நெல் அளக்கும் பழைய மரக்கால், தராசு, ஓலைச்சுவடி. மற்றபடி மூட்டை மூட்டையாகப் பானை ஓடுகள். அத்தனையையும் சேர்த்தவர் கோமதி மேடம். முப்பத்தைந்து வயதிருக்கும். தற்காலிக வேலை. யாராவது ஏர் உழும்போது ஓடு கிடைத்தது என்றால் அந்தப் புஞ்சைக்கே நடந்துபோய், குனிந்து பொறுக்கி, எந்தப் புஞ்சை, எந்த மூலை என்று சீட்டு எழுதி வைப்பார்.

முதல் நாளே அவர் எங்களை உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். நான்காம் நாள் சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார். இங்கே இருப்பது ஒழுங்காக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றினால் அருங்காட்சியகம் இந்த ஊரிலேயே இருக்கும். இல்லையென்றால் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சாமான் போனால் மேடத்தின் வேலையும் போய்விடும். எங்கள் பொறுப்பு, ஓடுகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, சீட்டு மாறாமல் பெட்டிகளில் வைப்பது.

நான் அதுவரை கூடாரத்தில் படுத்ததில்லை. ஆனால் தலைவன் ஆயிற்றே, தெரியாது என்று சொல்ல முடியுமா? பெண் பிள்ளைகளுக்கு அருங்காட்சியகத்தின் முன்னறை, பையன்களுக்குக் கூடாரம் என்று ஏற்பாடு. வேப்ப மரத்துக்கும் ஜன்னல் கம்பிக்கும் கயிறு கட்டி நான் நிறுத்திய கூடாரம் மாலைக்குள் இரண்டு முறை விழுந்தது. மூன்றாம் முறை முத்துக்கனி வந்து முடிச்சுப் போட்டாள், விழவில்லை. முத்துக்கனி இரண்டாம் வருஷம், ஏழாயிரம்பண்ணைக்காரி. லீவு நாட்களில் அம்மாவோடு பட்டாசு வேலைக்குப் போகிற பெண். அவளைப் போலத்தான் மற்றவர்களும், எம். புதுப்பட்டி, நாரணாபுரம் என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். முதலாளி வீட்டுப் பிள்ளை நான் ஒருவன்தான்.

தரையில் விரிக்க அச்சகத்திலிருந்து கழிவுத் தாள் கட்டு கொண்டுபோயிருந்தேன். பிரித்தால் மேலே முழுக்க மகாலட்சுமி காலண்டர். கலர் விலகி அச்சானதில் லட்சுமிக்கு நாலு கண். நாலு கண் இருந்தாலும் லட்சுமி லட்சுமிதானே, மேலே யார் படுப்பது? லட்சுமியைக் கும்பிட்டு ஓரமாக வைத்துவிட்டு, அடியில் கிடந்த புஸ்வாண லேபிள் தாள்களை விரித்துக்கொண்டோம்.

இரண்டு நாள் அண்டா அண்டாவாகத் தண்ணீர் இறைத்து ஓடுகளை ஊறவைத்துக் கழுவினோம். (கழுவினார்கள். நான் மேற்பார்வை.) மூன்றாம் நாள் காலை முற்றத்தில் சாக்கு விரித்துப் பத்து வரிசையாகக் காயப் போட்டிருந்தது. ஒரு ஊருக்கு ஒரு வரிசை. வரிசைக்குள் புஞ்சை வாரியாகச் சின்னச் சின்னக் குவியல். ஒவ்வொரு குவியலிலும் ஒரு சீட்டு, பறக்காமல் இருக்க மேலே ஒரு கல். ஏழாம் வரிசையில் மட்டும் பதினொரு குவியல். அது மேடம் இரண்டு வருஷம் வெயிலில் நடந்து தன் கையால் பொறுக்கியது. எந்தப் புஞ்சையில் எந்த ஓடு கிடந்தது என்பதை வைத்து, பழைய ஊர் எங்கே இருந்திருக்கும் என்று அவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அதிகாரிக்கு அதைத்தான் முக்கியமாகக் காட்டப் போகிறார்.

அதிகாரிக்கு டீ கொடுக்கக் கோப்பை வாங்க மேடம் விருதுநகர் கிளம்பினார். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, எதையும் தொட வேண்டாம் தம்பி, அது பாட்டுக்குக் காயட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஓடுகள் காய்வதை மேற்பார்வை பார்த்தேன்.

பதினோரு மணி வாக்கில் மேற்கே கறுத்தது. காற்றில் ஈரம் அடித்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சின்ன வயதில் லீவுக்கு மாமாவின் பட்டாசுக் கம்பெனிக்குப் போவேன். ஆபீஸ் அறையில் உட்கார்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பேன். மேகம் திரண்டால் போர்மேன் ஒரு சத்தம் போடுவார். உடனே களத்தில் காய்கிற சரக்கு அத்தனையும் உள்ளே போய்விடும். எனக்கு அது பெரிய வீரமாகத் தெரிந்திருக்கிறது. வாழ்க்கையில் ஒரு முறையாவது அந்தச் சத்தத்தை நான் போட வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன்.

நாற்காலி மேல் ஏறி நின்று போட்டேன்.

"மழை வருதுலே, சரக்க எடுங்கலே!"

அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். பட்டாசு மருந்து நனைந்தால் பாழாவது மட்டுமில்லை, சூடேறிப் பிடித்துக்கொள்ளவும் செய்யும். அதனால் கை முதலில் ஓடும், யோசனை பின்னால்தான் வரும். கேள்வி கேட்க வேண்டிய ஒரே ஆள் நான். நான்தான் நாற்காலி மேல் நிற்கிறேனே. ஆளுக்கு ஒரு வரிசையில் பாய்ந்தார்கள். ஏழாம் வரிசைக்காரன் பாண்டி காய்கறி வாங்கப் போயிருந்தான். தலைவன் முன்னுதாரணமாக இருக்க வேண்டும் அல்லவா? நாற்காலியிலிருந்து குதித்து ஏழாம் வரிசையை நானே எடுத்துக்கொண்டேன்.

அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. முற்றம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. மேகம் எங்களைத் தாண்டி சாத்தூர் பக்கமாகப் போய்விட்டது. ஒரு சொட்டு விழவில்லை. இருந்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டுக்குப் போன் போட்டு, பெரிய நஷ்டத்தைத் தடுத்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். (அவர் என்ன நஷ்டம் என்று கேட்கவில்லை. நான் ஒன்றைத் தடுத்ததே அவருக்கு ஆச்சரியம்.)

ஒரு மணிக்கு மேடம் வந்தார். வெறும் முற்றத்தைப் பார்த்தார். கையிலிருந்த கோப்பைப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"மேடம், ஒண்ணுகூட நனையல," என்றேன்.

"எதுக்குத் தம்பி எடுத்தீக?"

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு மேடம்."

அவர் திரும்பி, மூலையில் கிடந்த அண்டாவைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நேத்து இதையெல்லாம் எதுல கழுவினீக?"

"தண்ணியில மேடம்," என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ரெண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள் எத்தனையோ மழையைப் பார்த்துவிட்டு வந்த பானை ஓடு. இரண்டு நாள் அண்டாவில் நாங்களே ஊறப் போட்ட பானை ஓடு. அதை நான் தூறலிலிருந்து காப்பாற்றியிருக்கிறேன். மேடம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. விடிந்தால் அதிகாரி வருவார்.

முத்துக்கனிதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "பயப்படாதீக மேடம். எங்க சாக்குல எல்லாம் அது அது அங்கங்கதான் இருக்கு. வந்து பாருங்க."

பார்த்தோம். நான் ஜன்னல் வழியாகப் பார்த்த காலத்தில் எனக்குத் தெரியாமல் போன சங்கதி ஒன்று உண்டு. ஓடுகிற ஓட்டத்திலும் பட்டாசு வேலைக்காரர்கள் சரக்கைக் கலக்கமாட்டார்கள், வீசமாட்டார்கள், இழுக்கமாட்டார்கள். ஒரு ரகத்தோடு இன்னொரு ரகம் கலந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒன்பது பேரும் ஒவ்வொரு குவியலையும் அதன் சீட்டோடு புஸ்வாணத் தாளில் பொட்டலம் கட்டி, வரிசை மாறாமல் சாக்கில் அடுக்கியிருந்தார்கள். அத்தனையும் அந்த அஞ்சு நிமிஷத்துக்குள். ஒரு மணி நேரத்தில் ஒன்பது வரிசையும் பழையபடி முற்றத்துக்கு வந்துவிட்டது.

அப்புறம் எல்லோரும் என் சாக்கைப் பார்த்தார்கள்.

கவிழ்த்தேன். கொட கொடவென்று ஒரே குவியலாக விழுந்தது. நான் மண்வெட்டியால் அள்ளிப் போட்டிருந்தேன். சீட்டுகள் எங்கே என்று மேடம் கேட்டார். சட்டைப்பையில் கைவிட்டுப் பதினொன்றையும் எடுத்துக் கொடுத்தேன். நனைந்துவிடக் கூடாதே என்று முதல் வேலையாக அவற்றைத்தான் பொறுக்கிப் பத்திரப்படுத்தியிருந்தேன். சீட்டில் ஒரு கசங்கல்கூட இல்லை. பாண்டி காய்கறிப் பையோடு வந்து நின்றான். தன் வரிசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வெங்காயம் உரிக்கப் போய்விட்டான்.

மேடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். கீறல் போட்ட சிலது மட்டும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. மற்றதெல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயல். அப்போது நான் இன்னொரு யோசனையும் சொன்னேன். (குழிக்குள் விழுந்தவன் சும்மா இருக்க வேண்டியதுதானே?) பதினொன்றாகச் சமமாகப் பிரித்து, சீட்டை வைத்துவிட்டால் யாருக்கு மேடம் தெரியப்போகிறது என்றேன்.

"எனக்குத் தெரியும்லா," என்றார்.

நான் என் துணிப்பையை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கே போய்விடலாம் என்று பஸ் ஸ்டாப் வரை போனேன். முத்துக்கனி பின்னாலேயே வந்தாள். "அண்ணே, போறதுன்னா போங்க. ஆனா தார்ப்பாய அவுத்துட்டுப் போவீகளோன்னு பயலுக பயப்படுதாக," என்றாள். அவள் சிரிக்காமல் சொன்னதால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வந்தேன்.

சாயங்காலம் மேடம் பெட்டிகளுக்கு லேபிள் எழுதினார். எல்லா லேபிளிலும் ஊர், புஞ்சை, கண்டெடுத்தவர் பெயர். ஏழாம் வரிசைக்குப் பெரிய பெட்டி ஒன்றை எடுத்து எழுதினார். ஊர் சரியாக இருந்தது. புஞ்சை என்ற இடத்தில் 'தெரியவில்லை'. அதற்குக் கீழே, 'கலந்தவர்: ச. கதிரேசன்'.

மேடம், என் பெயர் வேண்டாமே என்றேன். "இதுல யாரு பேரப் போடட்டும் தம்பி, என் பேரையா?" என்றார். நியாயமான கேள்வி.

மறுநாள் அதிகாரி வந்தார். மெலிந்த ஆள், ஒவ்வொரு லேபிளையும் நின்று படித்தார். எங்கேயும் தலையாட்டவில்லை, எதையும் பாராட்டவில்லை. நான் டீத் தட்டை ஏந்திக்கொண்டு, ஏழாம் பெட்டியை முதுகால் மறைத்தபடி நின்றேன். கொஞ்சம் தள்ளிக்குங்க என்றார். தள்ளினேன். படித்தார். திரும்பவும் படித்தார்.

"யாருங்க இந்தக் கதிரேசன்?"

"நான்தான் சார்." தட்டிலிருந்து ஒரு கோப்பை டீயை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

என்ன நடந்தது என்று கேட்டார். மழையில் ஆரம்பித்து மண்வெட்டி வரை சொன்னேன். சமமாகப் பிரிக்கச் சொன்னதையும் சொல்லிவிட்டேன். மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். டீ அவர் வேட்டியில் சிந்தியது, அப்போதும் நிற்கவில்லை. ஒருவழியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடத்திடம் திரும்பினார்.

"கலக்காத இடம் எதையும் நான் பார்த்ததில்லை அம்மா. கலந்துபோச்சுன்னு எழுதிவச்ச இடம் இது ஒண்ணுதான். அப்ப மத்த பெட்டியில இருக்கிறத நான் நம்பலாம்."

அருங்காட்சியகம் அங்கேயே இருக்கட்டும் என்ற உத்தரவு பொங்கலுக்குப் பிறகு வந்தது. மேடம் போஸ்ட்கார்டு எழுதியிருந்தார். அச்சக வாசலில் நின்று படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவிடமும் காட்டினேன். நீ தடுத்த நஷ்டம் இதுதானா என்று கேட்டார்.

பிறகு அந்த லேபிள் என்னைவிட அதிகமாக ஊர் சுற்றியது. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் மாமா பள்ளிக்கூட வாத்தியார். பள்ளிப் பிள்ளைகளை அந்த அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் வந்தவர். என் பெயரையும் இனிஷியலையும் கேட்டதும், அந்தக் கலந்தவர் நீங்கதானா என்றார். உள்ளே அடுக்களையில் வளையல் சத்தத்தோடு ஒரு சிரிப்புக் கேட்டது. அந்தச் சிரிப்பைத்தான் கட்டிக்கொண்டேன். இன்றுவரை எங்கள் வீட்டில் துவரம்பருப்பு டப்பாவை நான் தொட அனுமதி இல்லை.

போன வருஷம் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இப்போது கண்ணாடிப் பெட்டி, டியூப் லைட் எல்லாம் வந்துவிட்டது. மேடத்துக்குத் தலை நரைத்திருந்தது. லேபிள் மட்டும் அதே எழுத்தில் அப்படியே இருந்தது. மகள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். நான் மெதுவாக மேடத்திடம் போய், இருபது வருஷம் ஆயிருச்சே மேடம், இனியாவது அந்தப் பேர எடுத்துரலாமே என்றேன்.

"தாராளமா எடுத்துரலாம் தம்பி," என்றார் மேடம். பெட்டியின் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "எந்த ஓடு எந்தப் புஞ்சையில கெடந்துச்சுன்னு சொல்லிட்டு எடுத்துக்கோங்க."