தாயார் இருந்திருந்தால்

தனிவரக் காவலர் என்றொரு இனம் உண்டு. சீருடையோ விசிலோ கிடையாது என்பதால் முதல் பார்வையில் பிடிபடாது. வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். கத்தோலிக்கத் துறவு மடங்களில் தனிவரம் என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு சபையைத் தொடங்கியவருக்கு, இன்ன வேலையை இன்ன மனத்தோடு செய் என்று தூய ஆவியார் கொடுத்த கொடை அது. பின்னால் வருகிறவர்களும் அதே தடத்தில் நடக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கொடை என்று ஒன்று இருந்தால், அதைப் பூட்டிவைக்க ஓர் ஆள் முளைக்காமல் இருப்பாரா?

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு கன்னியர் மடத்தில் இருக்கிறார். வயது அறுபத்தெட்டு. ஆலோசனைக் குழுவில் இருபத்திரண்டு ஆண்டுகள். சமையலறை சிஸ்டர் அவருக்கு வைத்த பெயர் மூலப்பிரதி. சபையைத் தொடங்கிய தாயாரை அவர் பார்த்ததில்லை. தாயார் இறந்தபோது அவருக்கு நான்கு வயது, அதுவும் வேறோர் ஊரில். அதனால் என்ன? "தாயார் இருந்திருந்தால்..." என்று சென்ற பொதுக்கூட்டத்தில் மட்டும் பதினொரு முறை ஆரம்பித்தார். அதில் இரண்டு முறை மின்விசிறி பற்றி.

தாயாருக்கு இடது காது கேட்காது. ஆகவே இன்றுவரை மடத்தலைவியின் இடப்பக்கம் யாரும் உட்காருவதில்லை. தாயாருக்குச் சர்க்கரை நோய். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் முப்பத்தோரு பேருக்கும் சர்க்கரை இல்லாத காபி; அதற்கு 'எளிமை' என்று பெயர். கூடத்தின் மேற்கு ஜன்னல் எப்போதும் மூடியே இருக்கும். அது தாயாரின் மௌனத்தைக் குறிப்பதாகப் புது சிஸ்டர்களுக்குப் பாடம் நடக்கிறது. ஒருமுறை தச்சர் வந்து ஜன்னலைத் தட்டிப் பார்த்தார்.

"மழையில மரம் ஊதிப்போச்சும்மா. ரெண்டு இழை சீவினா திறந்துக்கும்."

"தாயார் காலத்துலேர்ந்தே மூடித்தான் இருக்கு" என்றார் மூலப்பிரதி.

"அப்போ அந்தக் காலத்துலயே ஊதியிருக்கும்மா."

தச்சருக்கு அன்று பாதிக் கூலியும் முழு ஜெபமும் கிடைத்தன.

ஒரு தியானத்தின்போது, ஆவியார் தனக்குத் தந்த வரம் எது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்றார்கள். ஞானம், குணமாக்குதல், போதித்தல் என்று வரிசை வந்தது. மூலப்பிரதி கண்ணை மூடி, "ஆவிகளைப் பகுத்தறிதல்" என்றார்; எது ஆவியார் தந்தது, எது இல்லை என்று பிரித்துச் சொல்லும் வரம் அது. சமையலறை சிஸ்டர் தன் முறை வந்ததும் யோசித்தார்.

"எனக்குக் கையில அளந்து போட்டாலே உப்பு சரியா விழும் சிஸ்டர்."

"அது வரமில்ல. பழக்கம்" என்று அங்கேயே பகுத்தறியப்பட்டது.

அவரைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். பத்தொன்பது வயதில் மடத்துக்கு வந்தார். வகுப்பில் நிற்கவைத்தார்கள், குரல் எழும்பவில்லை. மருந்தகத்தில் விட்டார்கள், இரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தார். தையலில் கோடு கோணியது. கடைசியில் ஆவண அறைச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். உலகத்தில் அவரை வேண்டாம் என்று சொல்லாதவை தாயாரின் காகிதங்கள் மட்டுமே. அந்தக் காகிதங்களில் ஒன்று அசைந்தால் அவருக்குக் காலடியில் தரை அசையும்.

இந்த நிலையில்தான் மடத்து மருந்தகத்தின் நர்ஸ் சிஸ்டர் ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். பெரிய மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு இருக்கிறது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இரத்தம் ஒரு குழாயில் போய் இன்னொரு குழாயில் திரும்பும்வரை நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஒன்பது கட்டில். நான்கு பேர் துணைக்கு ஆளில்லாமல் வருகிறவர்கள். அதில் ஒருவர், லாரி ஓட்டி ஓய்ந்தவர், அவளிடம் சொன்னாராம்: "யாராச்சும் பக்கத்துல உக்காந்தா போதும் சிஸ்டர். பேசக்கூட வேணாம்." தினம் இரண்டு சிஸ்டர்கள் வருவதாக வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுத்தால் நிரந்தர அனுமதி தருவதாக மருத்துவமனையும் சொல்லிவிட்டது.

மடத்தலைவியான மதர் விண்ணப்பத்தைப் படித்தார். பிறகு, வழக்கம்போல, மூலப்பிரதியின் முகத்தைப் படித்தார்.

மூலப்பிரதி வாசலில் மாட்டியிருக்கும் சட்டத்தைச் சுட்டிக்காட்டினார். 'கூரை இல்லாதவர்களுக்குக் கூரையாய் இருப்பது.' அதுதான் சபையின் தனிவரம்.

"அங்க ஏற்கெனவே கூரை இருக்கேம்மா."

"ஆள் இல்லையே சிஸ்டர்."

"ஆளைப் பத்தித் தாயார் எதுவும் எழுதலையே."

"கூரைக்குக் கீழ தனியா கிடக்கிறாங்க சிஸ்டர்."

"கீழ கிடக்கிறாங்கல்ல? அப்போ நம்ம வேலை அங்க முடிஞ்சுபோச்சு."

மறுப்புக் கடிதத்தைத் தாயாரின் சொற்களிலேயே எழுதினால் மறுத்ததுபோல இருக்காது என்று மூலப்பிரதி ஆவண அறைக்குப் போனார். மூன்றாம் அலமாரி, கீழ்த்தட்டு, பழுப்பு உறை. அதற்குள் தாயார் எழுதிய கடிதம் இல்லை. தாயாருக்கு வந்த கடிதம் இருந்தது. தாயார் முதலில் வேறொரு சபையில் இருந்தவர். அந்தச் சபையின் ஆலோசகி ஒருவர் எழுதியிருந்தார்: 'தெருவில் நிற்கும் பெண்களுக்குத் தங்குமிடம் தர வேண்டும் என்ற தங்கள் விருப்பம் நற்செயலே. ஆயினும் நாம் பள்ளி நடத்தவே அழைக்கப்பட்டவர்கள். இது நமது தனிவரத்தில் அடங்காது.' அடியில் தாயாரின் பென்சில் எழுத்து: 'வியாழன். மூன்று பேர் வந்தார்கள். பாய் போதவில்லை.'

மூலப்பிரதி இருபது நிமிடம் அந்தக் காகிதத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். யாருக்கும் இந்த இடத்தில் மனம் மாறியிருக்கும் என்கிறீர்களா? அவருக்கும் ஏதோ ஒன்று நடந்தது. அந்த ஆலோசகியை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எவ்வளவு பணிவு! எவ்வளவு தெளிவான நடை! பென்சில் வரியை விட்டுவிட்டு, தங்குமிடம் கேட்ட பெண்களின் இடத்தில் துணை கேட்ட நோயாளிகளையும், பள்ளியின் இடத்தில் கூரையையும் வைத்து, மற்றதை அப்படியே பிரதி எடுத்தார்.

வியாழக்கிழமை அது உரக்க வாசிக்கப்பட்டது. நர்ஸ் சிஸ்டர் தலைகுனிந்து கேட்டாள். கண் கலங்கியிருந்தது. பிறகு மெல்லக் கேட்டாள்:

"சனிக்கிழமை எனக்கு ஓய்வு நாள்தானே மதர்?"

"ஆமா."

"ஓய்வு நாள்ல நான் எங்க உக்காரணும்னு தாயார் எழுதியிருக்காங்களா?"

மதர் மூலப்பிரதியைப் பார்த்தார். மூலப்பிரதி மேற்கூரையைப் பார்த்தார். தாயார் ஆயுளில் ஓய்வு நாள் எடுத்ததில்லை. ஆகவே அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சமையலறை சிஸ்டர் இருமினார். அந்த இருமலில் உப்பு சரியாக விழுந்திருந்தது.

சனிக்கிழமை நர்ஸ் சிஸ்டர் சாதாரணப் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நோயாளியின் பக்கத்தில் உட்கார நாற்காலி இல்லை. வார்டு ஆயா தன் நீல பிளாஸ்டிக் ஸ்டூலை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். லாரிக்காரர் நான்கு மணி நேரம் பேசவில்லை, குழாயைக் கழற்றும்போது, "அடுத்த சனி?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சனி சமையலறை சிஸ்டரும் போனார். இரண்டே மாதத்தில் பக்கத்துத் தெருக்காரர்கள் ஏழு பேர் முறை போட்டுக்கொண்டு தினமும் வர ஆரம்பித்தார்கள். நான்கு பேரில் ஒருவரும் இப்போது தனியாக இல்லை. அந்த ஏழு பேரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். சென்ற வாரம், வீட்டிலிருந்து மடக்கு நாற்காலி கொண்டுவந்த ஒரு பெண்ணை அவர் வாசலிலேயே நிறுத்தினார்.

"அதெல்லாம் வேணாம்மா. நீல ஸ்டூல்தான். சிஸ்டர் ஆரம்பிச்சதே அதுலதான்."

அந்தப் பெண் நாற்காலியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். அன்றைக்கு ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் ஆளில்லை.

ஆசிரியர் இதுவரை எந்த மடத்துக்குள்ளும் காலடி வைத்ததில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த இனத்துக்கு அது தேவையில்லை. ஓர் அடுப்படி போதும்; ஓர் அலுவலகம், ஒரு சங்கம், அப்பா ஆரம்பித்த ஒரு கடை போதும். உங்களிடம் யாரோ புதிதாக ஒன்றைக் கேட்டு வந்து நிற்க, "நாங்க அப்படிச் செய்யறதில்லைங்க" என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது என்றைக்கு என்று நான் கேட்கப்போவதில்லை. தேதி உங்களுக்கே தெரியும்.