மண்டியிட்ட வண்டித்தாய்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் தாய்லாந்தின் சீ ராச்சா நகருக்கு வெளியே, அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலையில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கார்கள் நின்றுவிடும். அத்தனையும் ஸ்போர்ட்ஸ் கார்கள். அத்தனையும் கிழம். முப்பது வருஷத்துக்கு முன்னால் சீறிப் பாய்ந்தவை, இப்போது இருமின, கனைத்தன, நின்ற இடத்தில் எண்ணெய் ஒழுக்கின. ஒவ்வொன்றின் ஸ்டீயரிங்கிலும் சாமந்தி மாலை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கை கூப்பியபடி ஒரு சொந்தக்காரர்.

எல்லாரும் போவது ஆசான் பூன்லெர்ட்டின் வண்டித்தாய் இல்லத்துக்கு.

வண்டிக்கு வண்டி ஒரு தாய் குடியிருக்கிறாள் என்பது நம் ஊரில் டாக்சிக்காரர் முதல் டாக்டர் வரை நம்புகிற விஷயம். மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள், அவ்வளவுதான். ஆசான் பூன்லெர்ட் அதற்கு மேல் ஒரு படி போனார். அவரிடம் தாய் பேசுகிறாள்! பானெட்டின் மேல் ஒரு பித்தளைக் கிண்ணத்தைக் கவிழ்த்துவைப்பார். அதில் காதை வைப்பார். கண்ணை மேலே செருகிக்கொள்வார். பிறகு எண்பது வயதுக் கிழவியின் குரலில் தீர்ப்பு சொல்வார்.

தீர்ப்பு இரண்டே வகை. வண்டியில் எது தேய்ந்து கடகடவென்று ஆடுகிறதோ, அங்கேதான் தாய் உட்கார்ந்திருக்கிறாள். அதைக் கழற்றினால் குடும்பம் விளங்காது. ஆசானின் மந்திர எண்ணெயைத் தடவினால் போதும். வண்டியில் எது நல்ல நிலையில், கம்பெனியிலிருந்து வந்தபடியே பளபளவென்று இருக்கிறதோ, அதில் முந்தைய சொந்தக்காரனின் சாபம் ஒட்டியிருக்கிறது. உடனே கழற்றி ஆசானிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் சிவப்புத் துணியில் சுற்றிக் கடலில் விட்டுவிடுவார்.

கெட்டதை வைத்துக்கொள், நல்லதைக் கொடுத்துவிடு. இந்தத் தத்துவத்தில் ஏதோ இடிக்கிறதே என்று மூன்று வருஷமாக ஒருவருக்கும் தோன்றவில்லை. கேள்வி கேட்டால் தாய்க்குக் கோபம் வருமாம்.

ராதரீக்குக் கோபம் வந்தது வேறு காரணத்துக்காக.

ராதரீக்கு நாற்பத்தாறு வயது. வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பல் டாக்டர்களுக்காகப் பொய்ப்பல் செய்கிறவள். சோன்புரி மாகாணத்தில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் பப்பாளி சாலட்டை மெல்லுகிறார்கள். அவளிடம் ஒரு சிவப்பு இரண்டு கதவு கார் இருந்தது. வாங்கி இருபது வருஷம். ஓட்டம் மூன்று லட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீட்டர். அதில் முக்கால்வாசி அவளே ஓட்டியது. காருக்கு அவள் வைத்த பேர் ‘மிளகாய்’.

மிளகாய் கொஞ்ச நாளாகக் குழியில் இறங்கும்போதெல்லாம் ‘டொக்’ என்றது. மெக்கானிக் ஹெங் காரைத் தூக்கி, முன்பக்க இடது சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அது ஆறு வயதுப் பிள்ளையின் பால்பல் மாதிரி ஆடியது.

“பால் ஜாயின்ட் போச்சு அக்கா. ரப்பர் புஷ்ஷெல்லாம் கருவாடு மாதிரி காஞ்சி கெடக்கு. டைமிங் பெல்ட்ட எப்ப மாத்தினீங்க?”

“ஞாபகம் இல்ல.”

“ஞாபகம் இல்லன்னா மாத்தணும்னு அர்த்தம். ஆனா மொதல்ல பால் ஜாயின்ட். சக்கரத்த புடிச்சிட்டிருக்கறதே அதுதான். அது புட்டுக்கிச்சுன்னா சக்கரம் அப்படியே மடங்கிடும். நெடுஞ்சாலைல நூறுல போறப்ப மடங்கிச்சின்னா, அப்பறம் நீங்க பல்லு செய்ய வேண்டாம், மத்தவங்க உங்களுக்கு செய்வாங்க.”

சாமான் பாங்காக்கிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றார். அதுவரை வண்டியை எடுக்கவேண்டாம் என்று வீட்டில் சொல்லிவைத்தாள் ராதரீ. வீடு என்றால் அவள் புருஷன் உதோம். நகராட்சித் தண்ணீர் ஆபீசில் வேலை. தங்கமான மனுஷன். எவன் எதைச் சொன்னாலும் நம்புகிற அளவுக்குத் தங்கம்.

அந்த ஞாயிறு அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது மிளகாய் வாசலில் நின்றது. நான்கு அலாய் சக்கரங்களைக் காணோம். அதற்குப் பதில் கறுப்புப் பெயின்ட் அடித்த நான்கு இரும்புச் சக்கரங்கள். உதோம் பக்கத்தில் மலர்ந்த முகத்தோடு நின்றான்.

“எங்க என் சக்கரம்?”

“கடல்ல.”

“எங்க?”

“சாபம் இருந்துச்சு ராதரீ. ஆசான் கிண்ணத்த வெச்சதும் தாய் அழுதுட்டா. முதல் சொந்தக்காரன் யாரோ ஒரு பொண்ண ஏமாத்திட்டு இந்தக் கார்லதான் ஓடினானாம். அந்தப் பாவம் நாலு சக்கரத்துலயும் சுத்திக்கிட்டே இருக்காம்.”

“அந்தச் சக்கரத்த தயாரிக்கறத நிறுத்தி இருபத்தஞ்சு வருஷம் ஆகுதுய்யா! ஒரு கீறல் கெடயாது! பால் ஜாயின்ட்டுக்கு என்ன சொன்னான்?”

“தாய் அங்கதான் உக்காந்திருக்காளாம். எண்ணெ தடவி விட்டிருக்காரு. பாரேன், சத்தமே இல்ல.”

உண்மைதான். சத்தம் இல்லை. மூட்டில் அரை டப்பா கெட்டிக் கிரீஸை அப்பினால் யாருக்குத்தான் சத்தம் வரும்?

அடுத்த ஞாயிறு ராதரீ காரில் ஏறினாள். சாமான் இன்னும் வந்தபாடில்லை. ஆனால் அவளுக்குப் பொறுமையும் இல்லை. “வா, உன் ஆசான்கிட்ட கேக்கறேன்” என்று உதோமைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். நெடுஞ்சாலையைத் தவிர்த்து, தோட்டப் பாதையில் நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு போனாள். நான்காவது கிலோமீட்டரிலேயே மூட்டு டொக் என்றது.

“எண்ணெ காஞ்சிருக்கும்” என்றான் உதோம்.

வண்டித்தாய் இல்லத்தின் வாசலில், முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, சின்ன மேட்டில் ஏறி இறங்கியதும் ‘படார்’ என்று ஒரு சத்தம். இடது சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கியது. காரின் மூக்கு தரையில் மோதியது. மிளகாய் அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்து நின்றுவிட்டது. ராதரீயின் கைகள் ஸ்டீயரிங்கிலேயே உறைந்துபோயின. நெடுஞ்சாலையில் வந்திருந்தால்?

வெள்ளைக் கோட்டும் ஜெபமாலையுமாக ஆசான் பூன்லெர்ட் படியில் நின்றார். பார்த்தார். அந்த மனுஷனின் சாமர்த்தியத்தை இங்கே பாராட்டியே ஆகவேண்டும். இரண்டே நொடிதான் யோசித்தார்.

“பாருங்க! தாய் மண்டி போட்டுட்டா! என் வாசலுக்கு வந்ததும் தாய் மண்டி போட்டுட்டா!”

முந்நூறு பேரும் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். ஓர் அம்மாள் விம்மி அழுதாள். மீதிப் பேர் கும்பிட்ட கையோடு போனை எடுத்து, லாட்டரிக்காக நம்பர் பிளேட்டைப் படம் பிடித்தார்கள். (அந்த எண்ணில் நாற்பத்தேழு பேர் சீட்டு வாங்கியதாகப் பின்னால் தெரிந்தது. ஒருவருக்கும் விழவில்லை. தாய் சாய்ந்து நின்றதால் எண்ணையும் தலைகீழாகப் படித்திருக்கவேண்டும் என்று காரணம் கண்டுபிடித்தார்கள்.)

ஆசான் கிண்ணத்தை எடுத்துவந்து, சரிந்த பானெட்டில் வழுக்கி விழாமல் பிடித்துக்கொண்டு, காதை வைத்தார். கிழவிக் குரல் வந்தது: “ஸ்டீயரிங்... ஸ்டீயரிங்ல இன்னும் கொஞ்சம் சாபம் மிச்சமிருக்கு...”

கம்பெனி ஸ்டீயரிங். தோல் உறை. ஒரு தையல் பிரியவில்லை. சாபத்துக்கு நல்ல ரசனை.

உதோம் பயந்துபோய்ப் பெண்டாட்டியைப் பார்த்தான். இப்போது வெடிக்கப்போகிறாள் என்று காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானான். ராதரீ கை கூப்பினாள்.

“ஆசானே, அடுத்த ஞாயிறு நானே கழட்டிக் கொண்டாறேன்.”

உதோமுக்குக் கண் கலங்கிவிட்டது. “உனக்கும் நம்பிக்கை வந்துடுச்சா?”

“வந்துடுச்சு. யார்மேலன்னு மட்டும் கேக்காத.”

அந்த வாரம் ஹெங்கின் பட்டறையில் மிளகாய்க்குப் பெரிய வைத்தியம் நடந்தது. ஒடிந்த பால் ஜாயின்ட்டைக் கையில் வைத்து ஹெங் காட்டினார். குண்டு தேய்ந்து, புளியங்கொட்டை மாதிரி சப்பையாகியிருந்தது. புது ஜாயின்ட், புது புஷ், புது டைமிங் பெல்ட், தண்ணீர் பம்பு. அழுத்து இயந்திரம் பழைய புஷ்ஷை வெளியே தள்ளும்போதெல்லாம் ‘டப்’ என்ற சத்தம். மந்திரம் ஒன்றும் சொல்லாமலே புதுசு உள்ளே போனது. டைமிங் பெல்ட்டை ஹெங் மடக்கிக் காட்டினார்; பல் பல்லாக வெடித்திருந்தது. “இதோட பல்ல மட்டும் கவனிக்காம விட்டுட்டீங்களே அக்கா” என்றார். ராதரீக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பட்டறையிலேயே ஸ்டீயரிங்கைக் கழற்றினாள். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஹார்ன் மூடியைத் திறந்து, உள்பக்க உலோகத்தில் தன் பொய்ப்பல் செதுக்கும் ஊசியால் ஒரு குட்டிக் கடைவாய்ப்பல் படம் செதுக்கினாள். பக்கத்தில் தன் பேர். பிறகு மூடியை மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டீயரிங்கை ஆசானிடம் கொடுத்தாள். அவர் அதை உள்ளே கொண்டுபோனார். சிவப்புத் துணி மூட்டையோடு வெளியே வந்தார். சீடர்கள் படகில் ஏறி, கரையில் எல்லாரும் பார்க்க, மூட்டையைக் கடலில் போட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, மூட்டை நன்றாகவே மூழ்கியது. கல் என்றால் மூழ்கத்தானே செய்யும்?

ஒன்பதாம் நாள், பழைய கார் பிரியர்கள் சாமான் வாங்கி விற்கிற இணையப் பக்கத்தில் ஒரு விளம்பரம். ‘அசல் ஸ்டீயரிங். மிக அரியது. ஒரு கீறல் இல்லை.’ ஹெங் தன் போனிலேயே பேசி வாங்கினார். மூன்றாம் நாள் கூரியர் வந்தது. ராதரீ மூடியைத் திறந்தாள். கடைவாய்ப்பல் அவளைப் பார்த்துச் சிரித்தது.

உதோம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: “ஒருவேளை மீன்காரங்க வலையில சிக்கி...”

“உதோம்!”

“இல்ல, சும்மா கேட்டேன்.” செதுக்கிய பல்லை விரலால் தடவிக்கொண்டே சொன்னான்: “உன்ன நான் கொன்னிருப்பேன், இல்ல?”

அடுத்த ஞாயிறு கூட்டம் ஐந்நூறு. தாய் மண்டியிட்ட கதை பக்கத்து மாகாணமான ராயோங் வரை போயிருந்தது. ராதரீ ஸ்டீயரிங்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள். பின்னால் உதோமும் ஹெங்கும்.

“ஆசானே, இது எதுன்னு தெரியுதா? நீங்க கடல்ல விட்டது. உள்ள என் பேரு இருக்கு, பாருங்க எல்லாரும்!”

ஆசான் மறுபடியும் இரண்டு நொடி யோசித்தார். கையை வானத்துக்கு உயர்த்தினார். “கடல் திருப்பிக் குடுத்துடுச்சு! சாபம் கழுவி, சுத்தமாக்கி, கடல் திருப்பிக் குடுத்துடுச்சு!”

ஐந்நூறு பேரும் கும்பிட்டார்கள். இந்த ஜனங்களை என்ன செய்வது?

“சரி, கடல்தான் குடுத்துச்சு. கூரியர்லயா அனுப்பும்?” என்றாள். கூட்டத்தில் யாரோ ‘களுக்’ என்றார்கள். “அனுப்பினவங்க போன் நம்பர் இந்தக் கூரியர் சீட்டுல இருக்கு. கடலுக்கு நானே ஒரு நன்றி சொல்லிடறேன். ஹெங், உங்க போனக் குடுங்க.”

எண்ணை ஒவ்வொன்றாக உரக்கப் படித்து அழுத்தினாள்.

ஆசானின் வெள்ளைக் கோட்டுக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவியது.

காலை பத்தரை மணிக்கு, வயிற்றுப் பக்கத்திலிருந்து, சேவல்! ஆசான் இருமினார். சேவல் நிற்கவில்லை. ஒரு சீடன் ஓடிவந்து பலமாகத் தும்மினான். சேவல் அதையும் மீறிக் கூவியது. ராதரீ இணைப்பை வெட்டினாள். சேவல் அடங்கியது. மறுபடி அழுத்தினாள். மறுபடி கூவியது.

“அது... சீடனோட போன்...” என்றார் ஆசான். இப்போது கிழவிக் குரலும் இல்லை, ஆசான் குரலும் இல்லை. சந்தையில் சாமான் விற்பவனின் குரல்.

உதோம் படியேறினான். வாழ்நாளில் யாரையும் அதட்டிப் பேசாத உதோம், ஆசானின் கோட்டுப் பையில் கையைவிட்டுப் போனை வெளியே எடுத்தான். திரையைப் பார்த்து எல்லாருக்கும் கேட்கும்படி படித்தான்.

“‘ஸ்டீயரிங் வாங்குன கேனயன்’னு இருக்கு.”

ஹெங்குக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஒவ்வொருவராக. பிறகு சிரிப்பு நின்று, ஐந்நூறு பேருக்கும் ஒரே நேரத்தில் தங்கள் சக்கரமும் இருக்கையும் கியர் கைப்பிடியும் ஞாபகம் வந்தன. பின்கட்டுக் கொட்டகையின் பூட்டு எப்படி உடைந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. உள்ளே அலமாரி அலமாரியாகச் சாபங்கள்! துடைத்து, பாலீத்தீன் உறை போட்டு, விலைச்சீட்டு ஒட்டி அடுக்கியிருந்தார்கள். மிளகாயின் நான்கு சக்கரங்களும் மூன்றாவது தட்டில் இருந்தன.

ஆசான் தன் புது பிக்கப்பில் ஏறப் பார்த்தார். ஆட்கள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். கண்ணாடி மூலையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஹெங் குனிந்து படித்தார்: “போன மாசம் சர்வீஸ். ஆயில் மாத்தியாச்சு, பிரேக் பேடு மாத்தியாச்சு. அடுத்த சர்வீஸ் பத்தாயிரம் கிலோமீட்டர்ல.” நிமிர்ந்து கேட்டார்: “ஏங்க, உங்க தாய் மட்டும் மெக்கானிக்கிட்ட போவாளா?”

போலீஸ் வந்து அழைத்துப்போகிற வரைக்கும் ஆசான் அந்தச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

எல்லாரும் அவரவர் சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். உதோம் நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாக உருட்டிவந்து அடுக்கினான். ராதரீயை ஒன்றைக்கூடத் தொடவிடவில்லை. அப்போது ஒரு பெரியவர் கை கூப்பியபடி அவளிடம் வந்தார். கண்ணில் அதே பழைய பக்தி.

“அம்மா, ஆசானையே கண்டுபுடிச்சிட்டீங்க. உங்ககிட்ட ஏதோ சக்தி இருக்கு. என் வண்டிலயும் கொஞ்சம் கை வெச்சிட்டுப் போங்கம்மா. அப்படியே அந்தப் போன் நம்பர்ல கடைசி மூணு எண்ணையும் சொன்னீங்கன்னா, லாட்டரிக்கு...”

ராதரீ அவரைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

“ஐயா, தேஞ்சுபோன பால் ஜாயின்ட்டுக்கு ஹெங்கிட்ட புதுசு இருக்கு. விழுந்துபோன பல்லுக்கு எங்கிட்ட புதுசு இருக்கு. யோசிக்காமலே துருப்புடிச்ச மூளைக்கு மட்டும் எந்தக் கடையிலயும் சாமான் கெடைக்காது. அத நீங்களாதான் ஓட்டிப் பாத்துக்கணும்!”